கீவு ஏரிக்கரையில் மாண்டவர்கள்

ஆப்பிரிக்காவின் நடுப்பகுதியில், ருவாண்டாவின் மேற்கு எல்லையும் காங்கோவின் கிழக்கு எல்லையும் தொட்டுக்கொள்ளும் இடத்தில், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,460 மீட்டர் உயரத்தில் கீவு ஏரி விரிந்து கிடக்கிறது. அதன் வடகரையில் காங்கோவின் கோமா நகரமும் ருவாண்டாவின் கிசெனி நகரமும் ஒன்றையொன்று ஒட்டியே இருக்கின்றன; வடக்கே நியிராகோங்கோ எரிமலை நிற்கிறது. காங்கோ அன்று ஜயர் என்று அழைக்கப்பட்டது. 1994ஆம் ஆண்டு ஜூலை 14 முதல் 18 வரையிலான ஐந்து நாட்களில், ருவாண்டாவிலிருந்து 5 லட்சம் முதல் 8 லட்சம் வரையிலான மக்கள் அகதிகளாக எல்லையைத் தாண்டிக் கோமாவையும் அதன் சுற்றுப்புறத்தையும் வந்தடைந்தார்கள். ஜூலை 20ஆம் தேதி காலரா உறுதிசெய்யப்பட்டது. வந்த ஒரு மாதத்துக்குள் அவர்களில் ஏறத்தாழ 50,000 பேர் இறந்துபோனார்கள்.

எங்கள் குமரி மாவட்டத்தில் பெருமாள்புரம், பழவிளை, கோழிவிளை, ஞாறான்விளை ஆகிய இடங்களில் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்கள் உள்ளன. அப்படியொரு முகாமில் பிறந்து வளர்ந்து, இப்போது செவிலியர் படிப்பு படித்துவரும் பெண் ஒருத்தி, வகுப்பில் பேசுவதற்காக முகாம்களில் பரவும் நோய்களைப் பற்றிக் குறிப்பு எடுத்துக்கொண்டிருந்தாள். நான் சுகாதாரத் துறையில் செவிலியராக வேலை பார்த்து ஓய்வுபெற்றவள் என்பதால் என்னிடம் வந்தாள். கோமாவைப் பற்றிப் படித்துவிட்டு அவள் கேட்ட கேள்வி இதுதான்: "ஏரி கண்ணெதிரே கிடக்கும்போது தண்ணீர் இல்லாமல் எப்படியக்கா இத்தனை பேர் செத்தார்கள்?" அன்று அவளுக்குச் சொன்னதையும், சொல்ல நேரம் போதாமல் விட்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

முதலில் அந்தச் சாவுகளின் அளவைப் புரிந்துகொள்ள வேண்டும். தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆயிரம் பேரில் ஏறத்தாழ ஏழு பேர் இறக்கிறார்கள் என்று வைத்துக்கொண்டால், 10,000 பேர் வாழும் ஓர் ஊரில் ஐந்து நாளுக்கு ஒரு சாவு விழும். முகாம்களில் 10,000 பேருக்கு நாளொன்றுக்கு ஒரு சாவு என்ற அளவைத் தொட்டாலே அதை நெருக்கடி நிலை என்று கொள்வது வழக்கம். கோமாவில் அந்த மாதம் 10,000 பேருக்கு நாளொன்றுக்கு 20 முதல் 35 பேர் வரை இறந்தார்கள். நம் ஊரின் சாதாரண நாளோடு ஒப்பிட்டால் இது நூறு மடங்குக்கும் மேல். 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி குமரி மாவட்டத்தின் மக்கள்தொகை 18 லட்சத்துக்கும் சற்று அதிகம். அதில் மூன்றில் ஒரு பங்குக்கும் கூடுதலான மக்கள் ஐந்தே நாளில் நாகர்கோவிலுக்கு வந்து தெருவோரங்களிலும் பள்ளி வளாகங்களிலும் வாழைத் தோட்டங்களிலும் தங்கிவிட்டதாக நினைத்துப் பார்த்தால் அங்கே என்ன நடந்தது என்பது ஓரளவு விளங்கும்.

ஆனால் நாகர்கோவிலைச் சுற்றியுள்ள மண் வெட்டினால் வெட்டுப்படும். கோமாவைச் சுற்றியிருந்தது எரிமலைக் குழம்பு உறைந்து இறுகிய கரும்பாறை. அதில் கழிப்பிடக் குழி தோண்ட முடியவில்லை. இறந்தவர்களைப் புதைக்கவும் தோண்ட முடியவில்லை. நகரத்துக்கு வடக்கே 27 கிலோமீட்டர் தொலைவில் கிபும்பா என்ற இடத்தில் பெரிய முகாம் ஒன்று உருவாயிற்று; அங்கே அருகில் நீர்நிலை என்று எதுவும் இல்லை. மேற்கே முகுங்கா முகாம் ஏரியை ஒட்டி இருந்தது. இன்னும் வடக்கே கட்டாலே முகாம் இருந்தது. குழி வெட்ட முடியாத நிலத்தில் மலம் மேற்பரப்பிலேயே கிடக்கும். மழையிலும் மனிதக் கால்களிலும் அது தண்ணீரை வந்து சேரும்.

வந்த முதல் நாட்களில் மக்கள் கோமா நகரத்துக்குள்ளேயே நெருக்கியடித்துத் தங்கினார்கள். நடந்து களைத்து வந்தவர்களுக்குக் கண்ணில் பட்ட ஒரே தண்ணீர் ஏரித் தண்ணீர்தான். அதில்தான் குடித்தார்கள், அதில்தான் குளித்தார்கள், அதன் கரையில்தான் மலம் கழிக்க ஒதுங்கினார்கள். கிழக்கு காங்கோவின் ஏரிப் பகுதிகளில் 1970களிலிருந்தே காலரா இருந்துவருகிறது. கிருமி புதிதாக எங்கிருந்தோ வரவேண்டிய தேவையே இருக்கவில்லை. நோயுற்ற ஒருவரின் ஒரு லிட்டர் வெளிப்போக்கில் கோடிக்கணக்கான கிருமிகள் இருக்கும், அது கலந்த கரையோரத் தண்ணீரை அடுத்தவர் மொண்டு குடித்தால் போதும். அந்தப் பெண்ணின் கேள்விக்கான விடையின் முதல் பாதி இது. அவர்கள் தண்ணீர் இல்லாமல் சாகவில்லை. ஏரித் தண்ணீரைக் குடித்ததால் நோயுற்றார்கள், பிறகு நல்ல தண்ணீர் கிடைக்காததால் செத்தார்கள்.

காலராக் கிருமி குடலைக் கிழிப்பதில்லை, தின்பதில்லை. அது வெளியிடும் நச்சு, குடலின் உட்சுவரில் உள்ள உயிரணுக்களைத் தொடர்ந்து உப்பையும் நீரையும் வெளியேற்ற வைக்கிறது. கடுமையாகத் தாக்கப்பட்டவர் மணிக்கு ஒரு லிட்டர் வரை இழக்கக்கூடும். காலையில் நன்றாக இருந்தவர் மாலைக்குள் கண் குழிந்து, கை விரல்கள் சுருங்கி, நாடி பிடிபடாமல் போய்விடுவார். இழந்த நீரையும் உப்பையும் அதே வேகத்தில் திருப்பிக் கொடுத்துவிட்டால் நோயாளி பிழைத்துக்கொள்வார். முறையான சிகிச்சை கிடைக்கும் இடங்களில் நூறு பேரில் ஒருவர்கூட இறப்பதில்லை. இந்த ஒரு செய்தியை மனத்தில் வைத்துக்கொண்டு கோமாவின் 50,000 சாவுகளைப் பார்க்கும்போதுதான் எனக்குத் தாங்க முடியாமல் போகிறது.

இனித் தண்ணீரின் கணக்கு. முகாமில் ஒருவருக்குக் குடிக்க, சமைக்க, கழுவ எல்லாம் சேர்த்து நாளொன்றுக்கு 15 லிட்டராவது வேண்டும் என்பது இன்று எல்லோரும் ஏற்றுக்கொண்ட அளவு. கோமாவின் முதல் வாரத்தில் சுத்திகரித்து வழங்க முடிந்தது ஆளுக்கு நாளொன்றுக்கு 0.2 லிட்டர் மட்டுமே. ஒரு தம்ளர். கடுமையாகத் தாக்கப்பட்ட ஒருவருக்கு அது கால் மணி நேர இழப்பைக்கூட ஈடுகட்டாது. 8 லட்சம் பேருக்கு 15 லிட்டர் என்றால் நாளொன்றுக்கு 1 கோடியே 20 லட்சம் லிட்டர். நம் ஊரில் ஓடும் 12,000 லிட்டர் தண்ணீர் லாரிகளில் அதை நிரப்பினால் ஆயிரம் நடை ஆகும். அதுவும் தினமும். லாரிகளும் இறைக்கும் இயந்திரங்களும் தொட்டிகளும் வந்து சேர்ந்து, அமெரிக்கப் படையினரும் தொண்டு நிறுவனங்களும் ஏரி நீரைச் சுத்திகரித்து வழங்கத் தொடங்கியபோது, காலரா தன் உச்சத்தை எட்டிவிட்டிருந்தது. 58,000 முதல் 80,000 பேருக்குக் காலரா கண்டிருக்கும் என்று பின்னர் மதிப்பிட்டார்கள். அந்த மாதச் சாவுகளில் பத்தில் எட்டு ஒன்பது வயிற்றுப்போக்கு நோய்களால் நேர்ந்தவை. பெரும்பாலானவர்கள் எந்தச் சிகிச்சை மையத்தையும் வந்தடையாமலே பாதையோரத்தில் இறந்தார்கள்.

சிகிச்சை மையம் வரை வந்தவர்களிலும் பலர் இறந்தார்கள் என்பதைச் சொல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை. உலகின் பல மூலைகளிலிருந்து நல்ல மனத்தோடு வந்திருந்த மருத்துவர்களிலும் செவிலியர்களிலும் பலர் அதற்கு முன் காலரா நோயாளியையே பார்த்திராதவர்கள். நரம்பில் ஏற்றும் நீர் மெதுவாக ஏற்றப்பட்டது; சில இடங்களில் தவறான வகை நீர் ஏற்றப்பட்டது; வாய்வழியாகக் கொடுக்கும் உப்பு சர்க்கரைக் கரைசல் போதிய அளவில் கொடுக்கப்படவில்லை. வங்கதேசத்தின் டாக்காவில் உள்ள பன்னாட்டு வயிற்றுப்போக்கு நோய் ஆய்வு மையத்திலிருந்து ஒரு குழு அங்கே சென்று இந்தக் குறைகளையெல்லாம் நேரில் கண்டு எழுதியது. ஆயிரக்கணக்கான காலரா நோயாளிகளை ஆண்டுதோறும் பார்த்துப் பழகிய கைகள் அவர்களுடையவை. எவ்வளவு வேகமாக ஏற்ற வேண்டும், எப்போது வாய்வழிக்கு மாற்ற வேண்டும் என்பதெல்லாம் அவர்களுக்குப் பழக்கத்தில் வந்துவிட்ட அறிவு.

அந்த அறிவும் ஓர் எல்லையோர அகதி முகாமில் சோதிக்கப்பட்டு வந்ததுதான். 1971இல் கிழக்குப் பாகிஸ்தானில் போர் மூண்டபோது ஏறத்தாழ 1 கோடி மக்கள் இந்தியாவுக்குள் வந்தார்கள். மேற்கு வங்கத்தின் எல்லை ஊரான பன்காவில் காலரா பரவியது. அங்கே பணியாற்றிய மருத்துவர் திலீப் மகலனாபிஸிடம் நரம்பில் ஏற்றும் நீர் தீரும் நிலைக்கு வந்தது, தரையெங்கும் நோயாளிகள். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் உப்பு, 2.5 கிராம் சமையல் சோடா என்ற அளவில் கலந்த பொடியைப் பொட்டலங்களாகக் கட்டச் செய்து, குழாய் வைத்த பீப்பாய்களில் கரைத்து, நோயாளிகளின் உறவினர்களையே கொண்டு குடிக்கக் கொடுக்க வைத்தார். சர்க்கரை இருந்தால் குடல் உப்பையும் நீரையும் உள்ளே இழுத்துக்கொள்ளும் என்பது ஆய்வுக்கூடங்களில் ஏற்கெனவே தெரிந்திருந்தது. படிப்பறியாத தாய்மார் அதை முகாமின் தரையில் உட்கார்ந்து செய்ய முடியும் என்று நம்பியவர்கள் குறைவு. சாவு விழுக்காடு 30ஐ ஒட்டி இருந்தது 4க்கும் கீழே வந்தது. 1978இல் இங்கிலாந்தின் லான்செட் மருத்துவ இதழ், இந்த நூற்றாண்டின் மிக முக்கியமான மருத்துவ முன்னேற்றமாக இது இருக்கக்கூடும் என்று தலையங்கம் எழுதியது. மகலனாபிஸ் 2022இல் மறைந்தார். அடுத்த ஆண்டு, மறைவுக்குப் பின், அவருக்குப் பத்ம விபூஷண் வழங்கப்பட்டது. உயிரோடு இருக்கும்போதே வழங்கியிருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

இதை நான் நீட்டிச் சொல்வதற்குக் காரணம் உண்டு. குழந்தைக்கு வயிற்றால் போகும்போது தண்ணீர் கொடுத்தால் இன்னும் அதிகமாகப் போகும் என்று நினைத்துத் தண்ணீரையே நிறுத்திவிடும் வழக்கத்தை நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் எங்கள் ஊர்களில் நிறையவே பார்த்திருக்கிறேன். வீடு வீடாகப் போய்ப் பொட்டலத்தைக் கரைத்துக் காட்டி, கரண்டி கரண்டியாக ஊட்டிக் காட்டி, வடித்த கஞ்சியில் உப்பிட்டுக் கொடுத்தாலும் நல்லதுதான் என்று சொல்லிச் சொல்லித்தான் அது மாறியது. அகதி முகாமிலும் இதைச் செய்ய வேண்டியவர் கூடாரத்தில் உட்கார்ந்திருக்கும் மருத்துவர் மட்டும் இல்லை. வரிசை வரிசையாகக் குடிசைகளுக்குள் போய் யார் எழுந்திருக்க முடியாமல் கிடக்கிறார் என்று பார்க்கும் ஓர் ஆள் வேண்டும், அவர் அந்த மக்களிலிருந்தே வந்தவராக இருந்தால் இன்னும் நல்லது.

ஆழிப்பேரலையின்போது குளச்சல், கொட்டில்பாடு, மணக்குடி பகுதிகளில் எங்கள் மாவட்டம் நூற்றுக்கணக்கான உயிர்களை இழந்தது. பள்ளிகளிலும் தேவாலயங்களிலும் கல்யாண மண்டபங்களிலும் தங்கியிருந்த மக்களிடையே நான் வேலை செய்தேன். பிணங்களால் கொள்ளைநோய் வரும் என்று எல்லோரும் அஞ்சினார்கள். அடிபட்டும் நீரில் மூழ்கியும் இறந்தவர்களின் உடல்களால் கொள்ளைநோய் கிளம்புவதில்லை. உயிரோடு இருப்பவர்களின் மலமும் அவர்கள் குடிக்கும் தண்ணீரும் கலப்பதால்தான் கிளம்பும். காலராவால் இறந்த உடல் மட்டும் இதற்கு விலக்கு, அதைக் கழுவி எடுக்கும் கைகளுக்கும் சாவு வீட்டில் பரிமாறப்படும் சோற்றுக்கும் கவனம் வேண்டும். எங்களுக்கு வாய்த்த நல்வாய்ப்பு, பக்கத்து ஊர்கள் அழியாமல் நின்றன, சாலைகள் இருந்தன, லாரியில் தண்ணீர் வந்தது, பிளீச்சிங் பவுடர் மூட்டை மூட்டையாக வந்தது. 1,000 லிட்டருக்கு 4 கிராம் என்று கலக்குவதும், தொட்டியின் தண்ணீரை, அதில் குளோரின் இருப்பதைக் காட்டும் குளோரோஸ்கோப் என்ற கருவியில் எடுத்து மஞ்சள் நிறம் தெரிகிறதா என்று பார்ப்பதும் அந்த நாட்களில் எங்கள் வேலையாக இருந்தது. தட்டம்மைத் தடுப்பூசியும் போடப்பட்டது. பெரிய கொள்ளைநோய் எதுவும் எங்கள் மாவட்டத்தில் வரவில்லை. கோமாவில் இறந்தவர்களைப் பாயில் சுற்றிச் சாலையோரம் வைத்துவிட்டுப் போனார்கள்; லாரிகள் வந்து எடுத்துச் சென்றன. அந்த மாதச் சாவுகளின் கணக்கில் பெரும்பகுதி அந்த லாரிகள் சேகரித்த உடல்களை எண்ணித்தான் கிடைத்தது.

கோமாவுக்கு வந்தவர்களைப் பற்றி இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். அதே ஆண்டு ஏப்ரல் முதல் ஜூலை வரை ருவாண்டாவில் ஏறத்தாழ 8 லட்சம் பேர், பெரும்பாலும் துட்சி இன மக்கள், கொல்லப்பட்டார்கள். ஜூலையில் எல்லையைத் தாண்டியவர்கள் பெரும்பாலும் ஹூட்டு இனத்தவர். அவர்களுக்குள் அந்தக் கொலைகளைச் செய்த படையினரும் ஆயுதக் குழுவினரும் இருந்தார்கள். முகாம்களில் உணவையும் பொருட்களையும் பங்கிடும் அதிகாரம் பழைய தலைவர்களின் கைக்கே போயிற்று. ஆண் துணையின்றிப் பெண்கள் நடத்திய குடும்பங்களில் ஊட்டமின்மை கூடுதலாக இருந்ததை அங்கே எடுத்த கணக்கெடுப்புகள் காட்டின. கொலைகாரர்கள் வலுப்பெறுவதற்குத் தங்கள் உதவி துணைபோகிறது என்று சொல்லி, எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பின் பிரெஞ்சுப் பிரிவு அந்த ஆண்டு நவம்பரில் முகாம்களை விட்டு வெளியேறியது. அந்த முடிவை நான் மதிக்கிறேன். அதே வேளையில், கிபும்பாவின் பாறை மேல் வயிற்றுப்போக்கில் கிடந்த மூன்று வயதுக் குழந்தை எந்தக் கொலையையும் செய்யவில்லை என்பதையும் மறக்க முடியவில்லை. அதிகாரம் உள்ளவரிடம் ஒட்டுமொத்தமாகக் கொடுக்காமல் குடும்பம் குடும்பமாகக் கையில் கொடுத்தால்தான் அந்தக் குழந்தைக்குத் தண்ணீர் போய்ச் சேரும்.

காலரா தணியத் தொடங்கியதும் இரத்தபேதி வந்தது. அது ஷிகெல்லா கிருமியின் மிகக் கொடிய வகை. வழக்கமாகக் கொடுக்கும் மருந்துகளுக்குக் கட்டுப்படவில்லை. ஆகஸ்டில் மூளைக்காய்ச்சல் தலைகாட்டியது. ஏற்கெனவே இளைத்துப்போன குழந்தைகளுக்கு ஒன்றன்பின் ஒன்றாக வந்த நோய்கள் இவை. ருவாண்டா நெருக்கடியில் உதவிப் பணிகள் எப்படி நடந்தன என்று பல நாடுகள் சேர்ந்து ஆராய்ந்து 1996இல் அறிக்கை வெளியிட்டன. தொண்டு நிறுவனங்கள் சேர்ந்து 1997இல் தொடங்கிய ஸ்பியர் திட்டம், ஆளுக்கு 15 லிட்டர் தண்ணீர், 20 பேருக்கு ஒரு கழிப்பிடம் என்பது போன்ற குறைந்தபட்ச அளவுகளை எழுத்தில் வைத்தது.

எழுத்தில் வைத்த பிறகும் ஏரிக்கரை முகாம்களில் காலரா வந்தது. 2015 ஏப்ரல், மே மாதங்களில் புருண்டியில் அரசியல் கலவரம் மூண்டபோது மக்கள் தங்கனீக்கா ஏரியோரமாகத் தான்சானியாவின் காகுங்கா என்ற மீனவ ஊருக்கு வந்து சேர்ந்தார்கள். முன்னால் ஏரி, பின்னால் செங்குத்தான மலை, இடையில் ஒடுங்கிய கரை, சாலை கிடையாது. அந்தக் கரையில் பல பத்தாயிரம் பேர் குவிந்தார்கள். ஏரித் தண்ணீரைக் குடித்தார்கள், அதே கரையில் ஒதுங்கினார்கள். காலரா வந்தது. அவர்களை அங்கிருந்து வெளியேற்ற இருந்த பெரிய கப்பல், முதல் உலகப் போருக்கு முன் ஜெர்மானியர் கட்டிய லியெம்பா. அது ஒரு நடைக்கு 600 பேரை ஏற்றிக் கிகோமா நகரத்துக்குக் கொண்டுபோயிற்று. ஆயிரக்கணக்கானோருக்கு நோய் கண்டது. ஆனால் சாவுகள் சில பத்துகளோடு நின்றன. கோமாவையும் காகுங்காவையும் அருகருகே வைத்துப் பார்க்கிறேன்: வந்த மக்களின் எண்ணிக்கை குறைவு என்பது ஒரு காரணம், கரைசலும் காலரா மையங்களும் முந்திக்கொண்டு வந்தன என்பதும், அவர்கள் கொண்டுபோய்ச் சேர்க்கப்பட்ட நியாருகுசு முகாமில் வாய்வழித் தடுப்பு மருந்து கொடுக்கப்பட்டது என்பதும் மற்ற காரணங்கள்.

அந்தப் பெண் கேட்ட கேள்விக்கான விடையின் மறுபாதி இங்கேதான் இருக்கிறது. ஏரியைச் சுத்திகரிக்க முடியாது; ஏரியிலிருந்து மொள்ளப்படும் ஒவ்வொரு கேனையும் சுத்திகரிக்க முடியும். கரையில் மக்கள் தண்ணீர் எடுக்கும் இடங்களில் ஓர் ஆள் குளோரின் கரைசலோடு நிற்பார். நிரம்பிய 20 லிட்டர் கேனுக்குள் அளந்த சில மில்லிலிட்டரை ஊசி இல்லாத சிரிஞ்சால் விடுவார். அரை மணி நேரம் கழித்துக் குடிக்கச் சொல்லி அனுப்புவார். பெரிய இயந்திரமோ லாரியோ சாலையோ வேண்டாம். முதல் நாளிலேயே தொடங்கலாம். 2002 ஜனவரியில் நியிராகோங்கோ வெடித்து எரிமலைக் குழம்பு கோமா நகரத்தின் நடுவே ஓடி ஏரியில் கலந்தபோது, 1994 திரும்பிவிடும் என்று எல்லோரும் அஞ்சினார்கள். கரையில் குளோரின் இடும் ஏற்பாடு விரைவாக நடந்தது, காலரா பெருகவில்லை.

தடுப்பு மருந்தின் நிலை அவ்வளவு நன்றாக இல்லை. உலகச் சேமிப்பில் காலராத் தடுப்பு மருந்து போதாமல், 2022 அக்டோபர் முதல் இரண்டு வேளைக்குப் பதில் ஒரு வேளை மட்டும் கொடுப்பது என்று முடிவு செய்தார்கள். ஒரு வேளை தரும் காப்பு குறுகிய காலத்துக்கே நிற்கும். அதே ஆண்டிலிருந்து கோமாவைச் சுற்றி மீண்டும் லட்சக்கணக்கான மக்கள், இம்முறை காங்கோ நாட்டவரே, போரால் இடம்பெயர்ந்து கூடாரங்களில் தங்கினார்கள். காலராவும் தட்டம்மையும் வந்தன, 2024இல் குரங்கம்மையும் வந்தது. 2025 ஜனவரி இறுதியில் எம்23 என்ற கிளர்ச்சிப் படை கோமாவைக் கைப்பற்றியபோது நகரத்தின் மின்சாரமும் குழாய்த் தண்ணீரும் நின்றுபோயின. மக்கள் மஞ்சள் கேன்களை எடுத்துக்கொண்டு மறுபடியும் கீவு ஏரிக்கே போனார்கள். கரையில் குளோரின் இடுவதற்கு அங்கே ஆட்கள் நிறுத்தப்பட்டார்கள்.